பவர் டெயில்கேட்: நீண்ட காலப் பயன்பாட்டில் சந்தித்த மின்பழுதுகள்

பொத்தானை அழுத்தினால் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் டிக்கி கதவை (பவர் டெயில்கேட்) வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. உயரே தூக்கி நிற்கும் கதவை எட்டி இழுக்க முடியாத ஒருவருக்கு அதன் அருமை முதல் நாளிலேயே புரிந்துவிடும். ஆனால் வண்டியை விற்கும்போது எவரும் சொல்லாத ஒன்று உண்டு. இந்த வசதி மக்கர் செய்யத் தொடங்கினால், கோளாறைச் சரிசெய்வதைவிட அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. வாரன்டி முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அதே வண்டியை ஓட்டுபவன் என்ற முறையில், எனக்கு வந்த கோளாறுகளையும் அவற்றைத் தேடிய முறையையும் இங்கே பகிர்கிறேன்.

கதவைத் தாங்கும் தண்டு பார்வைக்குச் சாதாரண கேஸ் ஷாக் (வாயு நிரப்பிய தாங்கி) போலவே இருந்தாலும், அதற்குள் ஒரு சிறிய டிசி மோட்டார், பல்சக்கரத் தொகுதி, திருகுத் தண்டு, சுருள்வில் ஆகியவை அடங்கியிருக்கின்றன. மோட்டார் சுழலும்போது, காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் அனுப்பும் துடிப்புகளை எண்ணித்தான் கதவு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி அறிகிறது. கதவை மாட்டிப் பிடிக்கும் லாட்சுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சுகள் கதவு முழுதாக மூடியதா, பாதி மாட்டியதா என்று சொல்கின்றன. இவற்றில் எது தவறான செய்தியைக் கொடுத்தாலும், எவர் கையும் நசுங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டி இயக்கத்தை நிறுத்திவிடும். ஆகவே கதவு நகரவில்லை என்பதை மட்டும் வைத்து மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை.

முதலில் வந்தது எளிய கோளாறு. எஞ்சின் ஓடும்போது ஒழுங்காகத் திறந்த கதவு, எஞ்சின் அணைந்திருக்கும்போது பீப் ஒலி எழுப்பிவிட்டுப் பாதியில் நின்றது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்னுடையதோ கதவு நகரத் தொடங்கியதும் வெகுவாக இறங்கியது. பேட்டரியை மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல வண்டிகளில் கதவின் நிலை நினைவிலிருந்து அழிந்துவிடும் என்பதால், கையால் முழுதாக மூடி லாட்ச் மாட்டிய பிறகு, கையேட்டில் சொன்னபடி புதிதாகப் பழக்கப்படுத்த வேண்டும். இதை அறியாமல் புதுப் பேட்டரி போட்ட அன்றே கதவு கெட்டுவிட்டது என்று அலைபவர்கள் உண்டு.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. சில நாள்களில் லாட்ச் விடுபடாது. சில நாள்களில் கதவு கொஞ்சம் எழுந்து நின்றுவிடும். மறுநாள் ஒன்றுமே நடவாததுபோல வேலை செய்யும். சர்வீஸ் சென்டரில் தண்டையே மாற்றச் சொன்னார்கள். ஆனால் அதே காலத்தில் நம்பர் பிளேட் விளக்கு மினுக்கியதையும், ரிவர்ஸ் கேமராவின் படம் அவ்வப்போது மறைந்ததையும் நான் கவனித்திருந்தேன். இந்த மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே: கூரைக்கும் கதவுக்கும் இடையில் கீலருகே உள்ள ரப்பர் உறைக்குள் செல்லும் வயர்க் கட்டு. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அது ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கிறது. ஆண்டுகள் போகப் போக, வயரின் மேலுறை வெளியே நன்றாகத் தெரியும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

இங்கே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சோதிப்பது ஏமாற்றிவிடும். ஓரிழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் செலுத்தும் சொற்ப மின்னோட்டத்துக்கு அது போதும். எனவே வயர் நல்லது என்றே காட்டும். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். லாட்ச் கனெக்டரைக் கழற்றி, அதன் எர்த் வயரையும் பேட்டரியின் பாசிட்டிவையும் ஒரு 21 வாட் பல்பு வழியாக இணைத்து, ரப்பர் உறையை மெல்ல வளைத்தபோது பல்பு மங்கி மங்கி எரிந்தது. எர்த் பாதையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். மோட்டாருக்கும் எர்த்துக்கும் செல்லும் தடித்த வயர்களில் மட்டுமே இந்தப் பல்புச் சோதனையைச் செய்யலாம்; சென்சார், கேமரா, தகவல் வயர்களில் செய்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே எரிந்துவிடக்கூடும்.

அறுந்த இடத்திலேயே ஈயம் பற்றவைப்பதை நான் ஏற்கவில்லை. பற்றவைத்த இடம் விறைத்துக்கொள்வதால், அதன் விளிம்பில் வயர் விரைவில் மீண்டும் அறும். உறைக்குள் செல்லும் பகுதி முழுவதற்கும் நுண்ணிழைகள் கொண்ட சிலிக்கோன் உறை வயரைப் போட்டு, இணைப்புகளை மடியாத பகுதியில், ஒன்றின்மேல் ஒன்று அமையாதபடி முன்பின்னாக வைக்கச் செய்தேன். அதன்பின் லாட்சும் விளக்கும் கேமராவும் ஒருசேரச் சீராயின. தண்டு இன்றும் பழையதேதான்.

கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை குறைந்த ஓபிடி (வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும்) கருவிகளில் பெரும்பாலானவை எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கின்றன; டெயில்கேட் பெட்டியோடு பேசும் கருவி தேவை. அது தரும் குறியீடும் ஒரு சுற்றைத்தான் சுட்டுகிறது, ஒரு பாகத்தை அல்ல. ஹால் சென்சாரில் சிக்னல் இல்லை என்று வந்தால் சென்சாரும் காரணமாகலாம், வயரும் கனெக்டரில் ஏறிய ஈரமும் காரணமாகலாம்.

பின்னொரு காலத்தில் லாட்சின் மைக்ரோ சுவிட்ச் தேய்ந்து, மூடிய கதவைத் திறந்திருப்பதாகக் காட்டியது. எச்சரிக்கை விளக்கைவிடப் பேட்டரி இரவோடு இரவாக இறங்கியதுதான் பெரிய தொல்லை, ஏனெனில் கதவு திறந்திருப்பதாக நம்பிய வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறக்க நிலைக்குச் செல்லவில்லை. பூட்டிவிட்டு அரை மணி நேரம் பொறுத்து கிளாம்ப் மீட்டரால் அளந்தால், பேட்டரியிலிருந்து செல்லும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். லாட்சை முழுதாக மாற்றினேன். அதன் சுவிட்ச் தனியே கிடைப்பதில்லை.

எதைக் கழற்றுவதற்கு முன்பும் கதவுக்கு உறுதியான முட்டுக் கொடுத்துவிட வேண்டும். தண்டுக்குள் அழுந்தியிருக்கும் சுருள்வில்லோடு விளையாடலாகாது. சுருள்வில் தளர்ந்துபோனால் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்து நிற்கும் என்பதால், மின்கோளாறுபோலத் தெரிவது இயந்திரக் கோளாறாகவும் இருக்கக்கூடும்.

வெளிப்புறப் பொத்தான் மட்டும் இப்போதும் வண்டி கழுவிய பிறகு சற்று நேரம் வேலை செய்வதில்லை. அந்நேரத்திலும் ஓட்டுநர் பக்கப் பொத்தானும் சாவியும் கதவைத் திறந்துவிடுவதால், ஈரம் புகுந்த அந்தப் பொத்தான்தான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுத்த சர்வீஸின்போது அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.