நூறு நாள் வேலைச் செயலி: கூலி அளவுக்கு, ஆஜர் போட்டோவுக்கு

நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு செய்யும் என்.எம்.எம்.எஸ். செயலியை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் வெளியிட்டது. தொடக்கத்தில் ஆள் அதிகமுள்ள தளங்களுக்கு மட்டும்தான். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாத் தளங்களுக்கும் கட்டாயம்.

பணித்தளப் பொறுப்பாளர் தன் சொந்த போனில் மஸ்டர் ரோலை (வேலையாட்களின் வருகைப் பட்டியல்) இறக்கி, வந்தவர்களைக் குறித்து, எல்லாரையும் நிற்கவைத்துப் படமெடுக்க வேண்டும். காலையில் ஒரு படம், அது எடுத்து நான்கு மணி நேரம் கழித்து இன்னொன்று. நேரமும் இருப்பிடமும் படத்தோடு பதியும்.

அந்த இரண்டாவது படம்தான் ஆளைக் கொல்கிறது. இந்த வேலைக்குக் கூலி அளந்து தருவது. முளையடித்து, நீளம் அகலம் ஆழம் சொல்லிவிட்ட குழியை வெட்டி மண்ணைக் கரையில் கொட்டிவிட்டால் அன்றைய பாடு முடிந்தது. வெயில் ஏறுமுன் முடித்துக் கிளம்பத்தான் விடியலிலேயே வருகிறார்கள். செயலிக்குக் குழி கணக்கில்லை. வயதான பெண்கள் மம்பட்டியைக் கழுவி வைத்துவிட்டு, நிழலில்லாத கண்மாய்க் கரையில் படத்துக்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள். அளவு குறைந்தால் கூலி குறையும்; படம் விடுபட்டால் வேலைக்கு வந்ததே கேள்வியாகிவிடும். ஒரே உழைப்புக்கு இரண்டு தராசு. இது அநியாயம்.

டவர் இல்லாத இடத்திலும் படமெடுத்து வைத்துப் பிறகு ஏற்றலாம். ஆனால் ஏறும்வரை அது அந்த போனில்தான் இருக்கிறது. போன் பழுதானாலோ செயலியை அழித்தாலோ அத்தனை பேரின் வருகையும் போச்சு. விடுபட்ட வருகையைக் கையால் பதிய அனுமதிக்கும் அதிகாரம் மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கு, அதாவது இங்கே ஆட்சியருக்கு. ஒரு நாள் கூலிக்காக ஊராட்சியிலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை காகிதம் போக வேண்டும்.

2024 ஜனவரி முதல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில்தான் கூலி என்ற ஆதார் வழிப் பட்டுவாடாவும் சேர்ந்தது. 2025 ஜூலையில், படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதற்குத் தீர்வு, ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது! அதே 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்கியது. கூடவே பயோமெட்ரிக் பதிவையும் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது.

கூலி தாமதமானால் 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம் வைத்த இழப்பீடு நாளுக்கு 0.05 சதவீதம். 2025-26-இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் நின்றுபோனால், நாளொன்றுக்கு ஒரு ரூபாய்.

பொறுப்பாளர்கள் லொகேஷனை முன்கூட்டியே ஆன் செய்து, முதல் படத்தை இழுக்காமல் காலையிலேயே எடுத்துவிடுங்கள். ‘பதிவேற்றம் ஆனது’ என்று வரும்வரை செயலியை மூடாதீர்கள். பெயர்களையும் மஸ்டர் ரோல் எண்ணையும் நோட்டிலும் எழுதி வையுங்கள். வருகை விடுபட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.