மார்த்தாண்டத்துல ஒரு அக்குபஞ்சர் கிளினிக், ஆறு தடவ போய்ட்டு வந்து எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், போறதுக்கு முன்னாடி கட்டன்சாயா குடிக்காதீங்க, வெத்தில போடாதீங்க. நான் ரெண்டும் பண்ணிட்டுதான் போனேன். நாக்க நீட்டுங்கன்னாங்க, நீட்டுனேன், டாக்டரம்மா பாத்துட்டு "அண்ணே, இது ஒங்க நாக்கு கலர் இல்ல, வெத்தில கலரு, நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. குலசேகரத்துல இருந்து பஸ் ஏறி வந்தவனுக்கு எப்படி இருக்கும்? ஆனா காசு வாங்கல, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

எனக்கு வலது தோள்ல வலி. 20 வருஷமா ரப்பர் பால்வெட்டு, ஒரே மாதிரி கைய இழுத்து இழுத்து வந்தது. எலும்பு டாக்டரு எக்ஸ்ரே பாத்துட்டு எலும்புல ஒண்ணும் இல்ல, தசைநார்தான்னு மாத்திரை தந்தாரு, மாத்திரைய நிறுத்துனா திரும்ப வலி வந்து நிக்கும்.

மறுநாள் போனதும் ஊசிய குத்தி அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன், முக்கா மணி நேரம் ஊசியே எடுக்கல. சீன வைத்தியத்துல சோதனை நாலு வகையாம், கண்ணால பாக்குறது, குரலையும் மூச்சையும் கேக்குறது (மோந்து பாக்குறதும் இதுலயே வரும், சீனத்துல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைன்னாங்க), விசாரிக்கிறது, தொட்டு பாக்குறது. நாக்குல நுனி இதயம், ரெண்டு ஓரம் கல்லீரல், நடுவுல வயிறும் மண்ணீரலும், அடிநாக்கு கிட்னியாம். என் நாக்கு ஓரத்துல பல்லுத்தடம் இருக்கத கண்ணாடில காட்டுனாங்க, நாக்கு உப்பி பல்லுல இடிக்குதாம், மண்ணீரல் வீக்காம், ஒடம்புல ஈரம் தங்குதாம். வருஷத்துக்கு ரெண்டு பருவமழ பெய்யுற ஊர்ல எவன் ஒடம்புலதான் ஈரம் இல்ல!

நாடி பாத்த விதம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சுது. நாமெல்லாம் நாட்டு வைத்தியம் பாக்குற ஆசான்மார்ட்ட கை நீட்டி வளந்தவங்க, மூணு விரலு, வாதம் பித்தம் கபம், ஆணுக்கு வலது கை பெண்ணுக்கு இடது. இங்கயும் மூணு விரலுதான், ஆனா ரெண்டு கையும் பாக்காங்க. இடது கைல இதயம், கல்லீரல், கிட்னி, வலது கைல நுரையீரல், மண்ணீரல், திரும்பவும் கிட்னி, அதையும் லேசா அமுக்கி, கொஞ்சம் அமுக்கி, ஆழமா அமுக்கின்னு மூணு தடவ. வாட்ச் பாக்கல, ஒரு மூச்சுக்கு எத்தன துடிப்புன்னு எண்ணுதாங்க, நாலு அஞ்சு இருந்தா சரி, கூடுனா சூடு, கொறஞ்சா குளிர்ச்சி. என் நாடி முறுக்குன வீணைக்கம்பி மாதிரி இருக்காம், அது கல்லீரல் நாடி, தசைநாரெல்லாம் கல்லீரலோட பொறுப்புன்னாங்க.

அப்புறம் ராத்திரி எப்ப முழிப்பு வருதுன்னு கேட்டாங்க. 3 மணின்னேன். ஒடனே எழுத ஆரம்பிச்சாச்சு, 3 லேருந்து 5 வரைக்கும் நுரையீரல் நேரமாம், துக்கமும் நுரையீரல் கணக்குலதான் வருமாம், அதனால மனசுல துக்கம் ஏதாவது உண்டான்னு ஒரு கேள்வி. துக்கம் ஒண்ணும் இல்லம்மா, வெயில் ஏறுனா பால் ஓடாது, அதான் முழிக்கேன்னேன். சிரிச்சிட்டு எழுதுனத அடிச்சிட்டாங்க. புக்குல இருக்குன்னு புடிச்சு தொங்காம அடிச்சாங்க பாருங்க, அது எனக்கு நம்பிக்கைய தந்துச்சு.

இப்ப குறை. "கிட்னியும் கொஞ்சம் வீக்கா இருக்கு அண்ணே"ன்னு சாதாரணமா சொல்லிட்டாங்க. நானும் வீட்ல வந்து சொல்லித் தொலச்சேன். அம்மை மக்களேன்னு ஒரே அழுகை, மறுநாளே லேபுக்கு இழுத்துட்டு போச்சு, கிட்னிக்கு பாக்குற கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்தா நார்மல். அடுத்த தடவ போய் சண்டையே போட்டேன். அப்பதான் வெவரமா சொல்லுதாங்க, அவங்க கிட்னின்னு சொல்றது ஸ்கேன்ல தெரியுற கிட்னி மட்டும் இல்லையாம், எலும்பு, இடுப்பு, காது, தலமுடி, பயம், வயசாகுறது எல்லாம் சேந்த ஒரு கணக்கு. மண்ணீரலும் அப்படித்தான், அவங்களுக்கு அது செரிமானம், ஆஸ்பத்திரில சொல்ற மண்ணீரலுக்கு செரிமானத்துல வேலையே கெடையாது. இத மொத நாளே சொல்லிருந்தா லேபு காசு மிச்சம். இதுக்கு ஒரு ஸ்டார் கட்.

ஊசி ஒண்ணும் பயப்பட வேண்டாம், முடி கணக்கா இருக்கும், புது பாக்கெட்ட நம்ம கண்ணு முன்னாடிதான் பிரிக்காங்க. உடம்பு பூரா 361 புள்ளியாம், எனக்கு எட்டு ஊசி. அதுல ஒண்ணு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, தோள் வலிக்கு கால்ல ஊசியான்னு கேட்டேன், பேசாம கைய தூக்குங்கன்னாங்க. ஊசி எறங்குனதும் கனமா மரத்து ஒரு இழுப்பு வருது, அது வரணுமாம்.

ஆறு தடவைல வலி பாதி கொறஞ்சிருக்கு, சட்ட மாட்ட இப்ப யாரையும் கூப்பிடுறதில்ல. ஊசியாலயா, நடுவுல மழ பெஞ்சு ரெண்டு வாரம் வெட்டு இல்லாம கெடந்ததாலயான்னு சத்தியமா சொல்ல முடியாது. மொத தடவ 500 ரூபா, அப்புறம் 350. இன்னொரு விஷயம், முன்ன வேற ஒரு அக்குபஞ்சர் எடத்துல ஊசி இல்லாம விரலால மட்டும் தொட்டுட்டு, அம்மையோட சுகர் மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்க, நாங்க எந்திரிச்சு வந்துட்டோம். இங்க மாத்திரை சீட்ட வாங்கி பாத்துட்டு ஒண்ணையும் நிறுத்தாதீங்கன்னாங்க.

நாலு ஸ்டார். வர்ற திங்கக்கெழம அம்மை முட்டு வலிக்கு வருது, கிட்னிய பத்தி மட்டும் வாயே தெறக்கக்கூடாதுன்னு டாக்டரம்மாட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.