ஒலிப்பதிவுகளை ஒட்ட எந்த மென்பொருள்? சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் ஒரு சின்னக் குழுவில், வந்து சேரும் துண்டுகளை ஒரே கோப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. ஒருவர் போனில் எம்4ஏ-வாகப் பதிவு செய்வார், இன்னொருவர் எம்பி3 அனுப்புவார், சிலர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே பேசி அனுப்பிவிடுவார்கள். ஸ்டூடியோ வேலை எதுவும் கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதற்கு ஏற்ற மென்பொருள் தேடுவதுதான் பாடு. ஆடியோ ஜாயினர் என்று தேடினால் வந்து குவிபவற்றில் பாதி ட்ரயல் சரக்கு. எல்லாம் முடிந்து சேமிக்கப் போகும்போது பணம் கேட்கும். இணையத்திலேயே ஒட்டித் தரும் தளங்கள் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளுக்குப் பரவாயில்லை. ஒரு முழுப் பாடத்தையும் ஏற்றி, திரும்ப இறக்குவதற்குள் பொறுமை போய்விடும். வீட்டுப் பேச்சு, நேர்காணல் போன்றவற்றை யாருடைய சர்வரிலோ ஏற்றவும் எனக்கு மனம் வரவில்லை.

எம்பி3 மட்டும் என்றால் நான் கையில் எடுப்பது எம்பி3 டைரக்ட்கட். விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள். பழைய லேப்டாப்பிலும் கிளிக் செய்தவுடன் திறக்கும். எம்பி3 கோப்பு என்பது சின்னச் சின்ன ஃபிரேம்களின் வரிசை. 44,100 ஹெர்ட்ஸ் பதிவில், அதாவது விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதும் பதிவில், ஒரு ஃபிரேம் சுமார் 26 மில்லி விநாடி. இந்த மென்பொருள் ஒலியை அவிழ்த்து மறுபடி சுருக்காமல் ஃபிரேம்களை அப்படியே வெட்டி ஒட்டுகிறது. அதனால் தரம் குறையாது, ஒரு மணி நேரப் பதிவும் கண்மூடித் திறப்பதற்குள் சேமிக்கப்பட்டுவிடும். ஒரு கோப்பை முழுதாகத் தேர்ந்து காப்பி செய்து, அடுத்ததைத் திறந்து உரிய இடத்தில் பேஸ்ட் செய்கிறேன். திரையைப் பார்த்தால் இரண்டாயிரங்களில் நின்றுவிட்டதுபோல் இருக்கும். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

மென்பொருளே இல்லாமல் ஒட்டவும் வழி உண்டு. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் காப்பி கட்டளையோடு பைனரி சுவிட்சை (/b) சேர்த்து, கோப்புப் பெயர்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் எம்பி3-கள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பல பிளேயர்கள் முதல் கோப்பின் நீளத்தை மட்டுமே மொத்த நேரமாகக் காட்டும், நடுவே தாவிக் கேட்பதும் தகராறு. பாடத்தில் ஒரு பத்தியைத் தேடிப் போகிற மாணவருக்கு அது உதவாது. வேவ், எம்4ஏ கோப்புகளிடம் இந்த வித்தை பலிக்காது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவற்றின் தலைப்பகுதியிலோ அட்டவணையிலோ எழுதியிருக்கும். பின்னால் ஒட்டியது கணக்கிலேயே வராது.

எம்4ஏ-வுக்கு லாஸ்லெஸ்கட் வைத்திருக்கிறேன். உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற, ஒலி, வீடியோ கோப்புகளைக் கையாளும் இலவச மென்பொருள். கோப்புகளை இழுத்துப் போட்டு, வரிசையைச் சரிபார்த்து, மெர்ஜ் கொடுத்தால் முடிந்தது. ஒரே நிபந்தனை, எல்லாத் துண்டுகளும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். முதல் துண்டு 44,100 ஹெர்ட்ஸ், அடுத்தது 48,000 என்றால் இரண்டாவதில் குரல் மெதுவாகிக் கனத்துவிடும். அக்கா வாசிப்பது அண்ணன் வாசிப்பதுபோல் கேட்கும்! ஒட்டும் முன் கோப்பின் பிராப்பர்டீஸைப் பார்ப்பதும், ஒட்டிய பின் இணைப்பு இடங்களை மட்டுமாவது காதில் போட்டுப் பார்ப்பதும் அதனால் வந்த பழக்கம்.

அமைப்பு கலந்து வந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள்தான். 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வெறுமனே ஒட்டுவதற்கு இது அதிகம், ஈக்கு பீரங்கி. ஆனால் இங்கே துண்டுகள் எந்த அமைப்பில் இருந்தாலும் கவலையில்லை. எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். அப்படியே விட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். டிராக்ஸ் மெனுவில் அலைன் எண்ட் டு எண்ட் கொடுத்தால் படிக்கட்டு போல ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். அப்புறம் லவுட்னெஸ் நார்மலைசேஷன். ஒருவர் மைக்கை விழுங்குவதுபோல் வாசிப்பார், இன்னொருவர் அடுத்த அறையிலிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். இது இருவரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். கூடவே பின்னால் சுற்றும் மின்விசிறியின் இரைச்சலையும் கூட்டிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

விண்டோஸில் எம்4ஏ திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும், புதிதாக வருபவர்கள் பலரும் அங்கேதான் நிற்கிறார்கள். பழைய பதிப்புகளில் புராஜெக்ட் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு டேட்டா ஃபோல்டர் இருக்கும். பென்டிரைவில் கோப்பை மட்டும் எடுத்துப் போனால் ஒன்றும் திறக்காது. 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

கடைசியில் மோனோ (ஒற்றைத் தடம்), 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) எம்பி3-யாக எடுக்கிறேன். பேச்சுக்கு அது தாராளம், ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். போனில் இடமில்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். கேட்கும் மாணவர்களில் ஒரு தம்பி, என்விடிஏ திரைவாசிப்பானோடு எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாக இயக்குகிறார். கோப்புப் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிசையாக எழுதி, ஒரே கட்டளை. "அண்ணா, நீங்க மவுஸைத் தேடுறதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்" என்பார். உண்மைதான்.

இன்னும் தீராதது வாட்ஸ்அப் துண்டுகள். அவை ஓபஸ் வகை என்பது பிரச்சினையில்லை, ஆடாசிட்டியில் மாற்றிக்கொள்ளலாம். வரிசைதான் தொல்லை. கோப்பின் பெயரில் தேதியும் ஓர் எண்ணும் இருக்குமே தவிர எந்தப் பக்கம் என்று தெரியாது. அதிலும் ஃபார்வர்ட் ஆகி வந்தால் கேட்டுப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். பேசத் தொடங்கும்போதே பக்க எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சிலர் சொல்கிறார்கள்.