லிவர்மோர்: எல்லாம் சரி, அந்தக் காற்றுதான்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், நான் குடியிருக்கும் லிவர்மோரில் வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடத் தரம், வீட்டு விலை எல்லாம் அவரே விசாரித்துவிட்டார். "குடியிருக்கிறவர் நீங்கள், உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார். ஃபோனில் பாதிதான் சொல்ல முடிந்தது. நான் இருப்பது ஊரின் கிழக்குப் பக்கம், வாஸ்கோ ரோட்டுக்கு அருகில். அதனால் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வசந்தம் முடியும் சமயத்திலிருந்து செப்டம்பர் வரை, பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு மேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். ஊருக்குக் கிழக்கே ஆல்டமான்ட் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நடுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்கிறது. சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்ப சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கமிருந்து குளிர்ந்த கடற்காற்று ஓடுகிறது. அது ஓடுகிற வழியில், கணவாய்க்கு முன்னால் எங்கள் ஊர். குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 1980-களின் தொடக்கத்திலேயே ஆல்டமான்டில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகளை நட ஆரம்பித்தது சும்மா இல்லை. (அந்தப் பழைய சிறிய காற்றாலைகளில் அடிபட்டுப் பொன்னிறக் கழுகுகள் நிறையச் செத்தன. இப்போது அவற்றைக் கழற்றிவிட்டு, எண்ணிக்கையில் குறைந்த பெரிய காற்றாலைகளை நிறுத்தி வருகிறார்கள். நல்ல காரியம்.)

குடியிருப்பவருக்கு இது தினப்படித் தொல்லை. கோடை முழுக்க மாலையில் பிள்ளைகளோடு பூங்காவில் பூப்பந்து ஆட முடியாது. வத்தல் போட்டால் இந்த வெயிலுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும், ஆனால் நாலு மணிக்குள் எடுத்து உள்ளே வைக்காவிட்டால் வேலியோரம் குனிந்து பொறுக்க வேண்டியதுதான். புடலைக்குப் பந்தல் போட்டுப் போட்டுக் கடைசியில் விட்டேவிட்டேன். ராத்திரி ஜன்னல் இடுக்கில் விசில் சத்தம். போன மாதம் மேற்குப் பக்க வேலி மொத்தமாகச் சாய்ந்தது. வேலி போடுகிறவர் வந்து பார்த்தார். மரத்தூண்கள் மண்ணுக்குள் உளுத்துப்போயிருந்தன, மிச்ச வேலையைக் காற்று முடித்துவிட்டது என்றார். கலிபோர்னியாவில் எல்லை வேலிச் செலவை இரு வீட்டாரும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்பது பொதுவான சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். இரும்புத் தூண் போட்டிருக்கிறோம். அப்படியும் என் பங்கு சின்னத் தொகை இல்லை. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர் இந்த ஊராக இருப்பதே அந்தக் காற்றால்தான். கலிபோர்னியாவின் கடலோரப் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலானவை வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. இதுவோ கிழக்கு மேற்காகத் திறந்திருக்கிறது. ஜூலையில் பகல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்ட அன்றைக்கும் விடிவதற்குள் 15, 16-க்கு இறங்கிவிடும். திராட்சைக்கு வேண்டியது அதுதான்: பகலில் சர்க்கரை ஏற வெயில், இரவில் புளிப்புக் குறையாமலிருக்கக் குளிர். கீழே தண்ணீர் தேங்காத சரளை மண். ஊருக்குப் பெயர் தந்த ராபர்ட் லிவர்மோர் 1840-களிலேயே இங்கே கொடி நட்டார். 1883-ல் வென்டே, கன்கேனன் என்ற இரண்டு குடும்பங்களும் தோட்டம் போட்டன. 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்தப் பள்ளத்தாக்கின் கிரெஸ்டா பிளாங்கா வைன் தலைப்பரிசு வாங்கியது. மதுவிலக்கு வந்த 1920-களில் மற்றவர்கள் மூடிவிட்டுப் போனபோது, இந்த இரண்டு குடும்பங்களும் தேவாலயப் பூசைக்கான வைன் செய்து தாக்குப்பிடித்தன. இன்று கலிபோர்னியாவில் விளையும் ஷார்டனே என்ற வெள்ளை வைன் திராட்சைக் கொடிகளில் பெரும்பகுதி வென்டே தோட்டத்து வழிவந்தது. வைனுக்குப் பேர்போன நாபாவின் பெயர் தெரிந்தவர்களுக்கு இது தெரிவதில்லை என்பதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு.

நான் வைன் குடிப்பதில்லை. இருந்தும் இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது தோட்டங்கள்தான். சனிக்கிழமை காலையில், காற்று எழுவதற்கு முன்னால், டெஸ்லா ரோடு, அரோயோ ரோடு பக்கம் சைக்கிளில் போனால் இரண்டு பக்கமும் கொடி வரிசைகள். இவை தானாகத் தப்பவில்லை. வீட்டு மனைகள் பெருகித் தோட்டங்கள் சுருங்கிக்கொண்டே வந்தபோது, 1990-களில் தெற்கு லிவர்மோருக்கென்று ஒரு திட்டம் போட்டார்கள். அங்கே வீடு கட்டுகிறவர்கள் அதற்கு ஈடாக நிலத்தை விவசாயத்துக்கென்றே நிரந்தரமாகக் காப்பாற்றித் தர வேண்டும். எந்த ஊரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் லேப். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம், 1952-ல் பழைய கடற்படை விமானத்தளத்தில் எர்னஸ்ட் லாரன்ஸும் எட்வர்ட் டெல்லரும் தொடங்கியது. அணு ஆயுத வடிவமைப்புக்கென்றே பிறந்த இடம், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அதே வேலிக்குள்தான் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலை ஒரு மிளகளவு எரிபொருள்மேல் பாய்ச்ச, அணுப்பிணைவில் (சூரியனில் நடப்பதுபோல அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதில்) 3.15 மெகாஜூல் வெளிவந்தது, பாய்ச்சியதைவிட அதிகம். அந்த லேசர்களை இயக்க ஏறக்குறைய 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும், மனிதர் பல பத்தாண்டுகள் முயன்ற ஒன்று நான் பால் வாங்கப் போகும் வழியில் நடந்தது என்று நினைக்கும்போது இன்றும் சிலிர்க்கிறது. தனிம அட்டவணையில் 116-ஆம் இடத்தில் லிவர்மோரியம் என்று இருப்பதும் இந்த லேபின் பெயரால்தான். இங்கே அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் "என்ன வேலை?" என்று கேட்டு "லேப்" என்று பதில் வந்தால் அதற்கு மேல் கேட்க மாட்டோம், பேச்சு தக்காளிச் செடிக்குப் போய்விடும். வீடு வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: லேப் வளாகத்து நிலத்தடி நீர் மாசு காரணமாக 1987-ல் அந்த இடம் மத்திய அரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது சுத்தப்படுத்த வேண்டிய மாசடைந்த இடங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகளாக நீரை எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவா விஷ்ணு கோயில் 1986-லிருந்து இருக்கிறது, வடக்கத்திச் சிகரமும் தெற்கத்திக் கோபுரமும் ஒரே வளாகத்தில். தைப்பூசம், வைகுண்ட ஏகாதசிக்குத் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து எரியும் பல்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விரிகுடாப் பகுதியின் பார்ட் ரயில் பக்கத்து ஊரான டப்ளின்/பிளசன்டனோடு நின்றுவிடும், இங்கே வரை நீட்டும் திட்டம் 2018-ல் கைவிடப்பட்டது. 580 நெடுஞ்சாலையில் காலை நெரிசல் உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் பதில்: வேண்டாம், பிளசன்டனில் பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் தோட்டத்தையும் கோயிலையும் அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். காற்றோடு தினமும் குடித்தனம் நடத்துவது வேறு. இல்லை, லிவர்மோர்தான் என்றால், தரகர் கூப்பிடும் காலை பத்து மணிக்கு வராதீர்கள். ஜூனில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து, பின்பக்கத் தோட்டத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மேற்கே மறைப்பாக மரமோ மாடி வீடோ இல்லாத மனையாக இருந்தால் விலையே பேச வேண்டாம்.