டேட்டா மாடலிங் டூலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூருவில் சின்ன மென்பொருள் நிறுவனம் வைத்திருப்பவர்கள், அங்கே டேட்டாபேஸ் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இப்போது டேட்டா மாடலிங் டூலுக்கு (டேட்டாபேஸில் உள்ள டேபிள்களையும் அவற்றின் தொடர்புகளையும் படமாக வைத்துக் கையாளும் மென்பொருள்) கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால், தயவுசெய்து பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எங்களுக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில். கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட், பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். டேபிள்கள் பெருகிப்போய், எது எதோடு சேர்கிறது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு விளக்குவதே பெரிய பாடாகிவிட்டது. அதனால்தான் டூல் தேடினோம். வெறும் படம் வரைய யாரும் இவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை. பீட்டர் சென் 1976-இல் இ.ஆர். மாடலை (எந்தத் தகவல் எதோடு தொடர்புடையது என்று காட்டும் பட முறை) எழுதிய நாளிலிருந்து அந்தப் படத்தைக் காகிதத்திலேயே வரையலாம். காசு கொடுப்பது வேறு இரண்டு வேலைகளுக்கு. ஏற்கெனவே இருக்கிற டேட்டாபேஸை டூல் சரியாகப் படித்து மாடலாக்க வேண்டும். மாடலில் நாம் செய்யும் மாற்றத்தைச் சரியான ஸ்கிரிப்டாக, அதாவது டேட்டாபேஸில் ஓட்டும் கட்டளைகளாக, எழுதித் தர வேண்டும்.

ஒரு ரீசெல்லர் மூலம் வாங்கினோம். பேச வந்தவர் தமிழர். "நானும் சேலம் பக்கம்தான் மேடம், நம்ம ஆளுங்களுக்குத் தப்பான பொருளைக் கொடுப்பேனா?" என்றார். டெமோ அருமையாக ஓடியது, ஆனால் அது அவர்கள் கொண்டுவந்த மாதிரி டேட்டாபேஸ். எங்களுடையதில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். ட்ரயல் லைசென்ஸில் ஸ்கிரிப்ட் எடுக்கும் வசதி பூட்டியிருக்கும், பணம் கட்டியதும் திறந்துவிடும் என்றார். பார்ட்டிஷன் (பெரிய டேபிளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பது), நிபந்தனையோடு கூடிய இண்டெக்ஸ் எல்லாம் வருமா என்று மெயிலில் கேட்டேன். கொட்டேஷனிலேயே "போஸ்ட்கிரஸுக்கு முழு ஆதரவு" என்று எழுதிக் கொடுத்தார்கள். வருடம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் எங்கள் மாடலைத் திறக்க முடியுமா என்றும் கேட்டேன். "தாராளமா பார்க்கலாம் மேடம், எடிட் மட்டும் பண்ண முடியாது" என்று வாயால்தான் பதில் சொன்னார். மூன்று பேருக்கான லைசென்ஸ், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து லட்சத்தைத் தாண்டியது.

முதலில் இடறியது பார்ட்டிஷன். பில் டேபிளை மாத வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். போஸ்ட்கிரஸில் இது 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே உள்ள வசதி. இந்த டூல் ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனி டேபிளாகப் படித்துப் படம் முழுக்கப் பரப்பிவிட்டது. பார்க்க அசிங்கம் என்பதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். ஸ்கிரிப்ட் எடுத்தாலும் அவை தனித்தனி டேபிள்களாகவே வந்தன.

அடுத்தது இன்னும் மோசம். ஒரே டாக்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு அப்பாயின்ட்மென்ட் விழக் கூடாது என்பதற்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ் இருக்கிறது. அதில் ஒரு நிபந்தனையும் உண்டு: ரத்தான அப்பாயின்ட்மென்ட் கணக்கில் சேராது. டூல் இண்டெக்ஸை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டது. எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. விளைவு, ஒருவர் ரத்து செய்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை. சோதனை சர்வரில் தெரிந்ததால் தப்பித்தோம். கிளினிக்கில் நடந்திருந்தால், காலியாக இருக்கிற நேரத்துக்கே "இடமில்லை" என்று சொல்லி நோயாளிகளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மூன்றாவதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நோயாளி டேபிளில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது, ஃபோன் என்பதை மொபைல் என்று. மாடலில் மாற்றி, ஒத்திசைவு ஸ்கிரிப்ட் எடுத்தோம். எங்கள் டீமில் இருக்கும் ஓசூர்ப் பையன் அதை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் உள்ளவன். "அக்கா, இதுல ரீநேம் இல்ல, ட்ராப்னு இருக்கு, வந்து பாருங்க" என்றான். பழைய ஃபீல்டை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காலியான புது ஃபீல்டைச் சேர்க்கச் சொல்லியிருந்தது டூல். ஓட்டியிருந்தால் அத்தனை நோயாளிகளின் நம்பரும் போயிருக்கும். நல்ல டூல்கள் மாடலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் வைத்திருக்கும். பெயர் மாறினாலும் இது அதே ஃபீல்டு என்று அவற்றுக்குத் தெரியும். இது பெயரை மட்டுமே ஒப்பிட்டது. பழைய பெயர் காணோம் என்றால் அழி, புதுப் பெயர் வந்தால் சேர். அவ்வளவுதான் அதன் கணக்கு.

சப்போர்ட்டுக்கு எழுதினால் "அடுத்த வெர்ஷனில் சரியாகும்" என்ற ஒரே பதில். ஒருமுறை ஃபோனில் பேசியவர், லைவ் டேட்டாபேஸின் பாஸ்வேர்டைக் கொடுங்கள், ரிமோட்டில் வந்து பார்க்கிறோம் என்றார். மறுத்துவிட்டேன். அங்கே இருப்பது நோயாளிகளின் தகவல். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அதை வெளியாளிடம் கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை. உங்களிடமும் இப்படிக் கேட்டால், ஒரு வரி டேட்டாகூட இல்லாத, டேபிள்களின் அமைப்பு மட்டும் உள்ள ஸ்கீமா டம்ப்பை மட்டும் அனுப்புங்கள். டூலின் குறையைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

வருடம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மாடல் ஃபைலைத் திறந்தால் லைசென்ஸ் கேட்டு நின்றுவிட்டது. பார்க்கக்கூட முடியவில்லை. ஒவ்வொரு டேபிளும் எதற்கு, ஒவ்வொரு ஃபீல்டிலும் என்ன வர வேண்டும் என்று நாங்கள் மாதக்கணக்கில் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கும் வசதி விலை கூடிய பதிப்பில் மட்டும்தானாம். முன்பு சொன்னதை நினைவுபடுத்தினேன். அந்த ஆள் இப்போது வேலையில் இல்லை, ஆக்டிவேட் செய்த லைசென்ஸுக்குப் பணம் திரும்பாது, தாமதக் கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் திறக்கும் என்றார்கள். வீட்டு வாடகை முடிந்ததும் உள்ளே இருக்கும் நம் சாமானையும் சேர்த்துப் பூட்டுகிற மாதிரி இது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோராக மாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு, அப்படிப்பட்டவர்கள் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தச் சட்டம்தான் வழி. பொய்யான உறுதிமொழியை நம்பி வாங்கினோம் என்று கொட்டேஷனையும் மெயில்களையும் இணைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். எழுத்தில் இருந்தவை கைகொடுக்கின்றன. "தாராளமா பார்க்கலாம்" என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

சரி, வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது? ட்ரயலில் ஸ்கிரிப்ட் பூட்டியிருந்தால், முழு வசதியோடு ஒரு வாரத் தற்காலிக லைசென்ஸ் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிடைத்தால், உங்கள் ஸ்கீமாவை பிஜி டம்ப்பில் (போஸ்ட்கிரஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளை) டேட்டா இல்லாமல் எடுத்து, காலி டேட்டாபேஸில் போட்டு, டூலைப் படிக்க விடுங்கள். எதையும் தொடாமல் அப்படியே ஸ்கிரிப்ட் எடுத்து, இன்னொரு காலி டேட்டாபேஸில் ஓட்டி, அதையும் டம்ப் எடுங்கள். இரண்டு டம்ப்பையும் டிஃப் போட்டு வரி வரியாக ஒப்பிட்டால் டூல் எதை விழுங்கியது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றி, ரீநேம் வருகிறதா ட்ராப் வருகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் ஒரு மதிய வேலை. கடைசியாக, லைசென்ஸ் முடிந்த பிறகும் ஃபைல் திறக்கும், குறிப்புகளை வெளியே எடுக்கலாம் என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

காசில்லாமலும் வழி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு வொர்க்பெஞ்ச் இலவசம். ஆரக்கிளின் டேட்டா மாடலரும் இலவசம், மாடலை எக்ஸ்எம்எல் ஃபைல்களாகச் சேமிப்பதால் வேறு எதிலும் திறந்து படிக்கலாம். போஸ்ட்கிரஸைக் கையாளும் இலவச மென்பொருளான பிஜிஅட்மின் 4-க்குள்ளேயே இ.ஆர். டூல் வந்துவிட்டது. எர்வின், இ.ஆர். ஸ்டுடியோ, பவர்டிசைனர் போன்ற பெரிய டூல்கள் பல டேட்டாபேஸ்களும் பெயரிடும் விதிகளும் உள்ள வங்கி அளவு இடங்களுக்குப் பொருந்தும். எங்கள் அளவுக்கு அதிகம். எங்களை ஏமாற்றியது இங்கே பெயர் சொன்ன எந்த டூலும் இல்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நாங்கள் மாற்றங்களைக் கையால் எழுதிய ஸ்கிரிப்டுகளாக கிட்டில் (ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) வைக்கிறோம். குறிப்புகளை போஸ்ட்கிரஸின் கமென்ட் கட்டளையால் டேட்டாபேஸுக்குள்ளேயே போடுகிறோம். ஸ்கீமாஸ்பை என்ற இலவச டூல் அதைப் படித்துப் படத்தோடு வலைப்பக்கமாக்கித் தருகிறது. பழைய குறிப்புகளில் பாதியை நினைவிலிருந்து திரும்ப எழுதிவிட்டோம், மீதி நடந்துகொண்டிருக்கிறது. நோட்டீஸுக்கு இன்னும் பதில் இல்லை. வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.