எழுத்து இருக்கிறது, சொல்லை எதில் தேடுவது?

'இந்த எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொல் வேண்டும்' என்ற தேவை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஸ்கிராபிள் பலகை விளையாட்டில் கையில் உள்ள 7 எழுத்துக் கட்டைகளில் ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் வைக்க முடியும். ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டிலில் 5 கட்டங்களில் எந்த எழுத்து எங்கே என்பதுதான் கேள்வி. நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ புதிரில் தரும் 7 எழுத்துகளில் நடு எழுத்து கட்டாயம், ஆனால் எந்த எழுத்தும் எத்தனை முறையும் வரலாம். இதைக் கவனிக்காமல் கருவியைத் திறந்தால் நேரம்தான் வீணாகும்.

பலரும் முதலில் போவது அனகிராம் சால்வருக்கு. எழுத்துகளைக் கொடுத்தால் போதும், சொற்களை நீளவாரியாக அடுக்கிவிடும். ஸ்கிராபிளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் பெரும்பாலான சால்வர்கள் ஓர் எழுத்தை ஒரு முறைக்கு மேல் எடுக்காது. பி, ஏ, என் மூன்றை மட்டும் கொடுத்தால் 'பனானா' கிடைக்கவே கிடைக்காது. அதனால் ஸ்பெல்லிங் பீக்கு அது சரிப்படாது.

வேர்டில் ஆட்களுக்கு ஒன்லுக் தளம்தான் என் சிபாரிசு. தெரியாத ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்தென்றே தெரியாத இடத்தில் நட்சத்திரக்குறி, அவ்வளவுதான். 'இரண்டாவது ஆர், கடைசி இ' என்று தேடினால் கிரேன், பிரைட், கிரேப் எல்லாம் வரும். ஒரே குறை, பல அகராதிகளிலிருந்து திரட்டுவதால் பெயர்ச்சொற்களும் தொடர்களும் கலந்து வரும்.

கொஞ்சம் கணினிப் பழக்கம் இருந்தால் கோப்பில் பொருந்தும் வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையை எதுவும் அடிக்காது. ஒரு சொற்பட்டியல் கோப்பு வேண்டும். 'க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது' என்பதற்கு இரண்டு கிரெப்பை இணைத்தால் போதும். 'இந்த 7 எழுத்துகள் மட்டும், திரும்பத் திரும்ப வரலாம்' என்பதையும் ஒரே வரியில் கேட்கலாம். பனானா இங்கே சிக்கிவிடும்.

எதில் தேடினாலும் அதன் பின்னால் இருக்கும் பட்டியல் எது என்று பாருங்கள். ஸ்கிராபிளில் சி, எச் சேர்ந்த ஈரெழுத்துச் சொல் காலின்ஸ் அகராதிப் பட்டியலில் செல்லும், வட அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. பட்டியல் மாறினால், கருவி காட்டிய சொல்லையே எதிராளி சவால் விட்டு எடுக்க வைப்பார்.

ஸ்கிராபிள் போட்டி மேசையில் எந்தக் கருவிக்கும் அனுமதி கிடையாது. அங்கே உட்காரும் ஆசை இருந்தால் சைசிவா போன்ற பயிற்சி மென்பொருள்தான் வழி. இது எழுத்துகளை அகர வரிசையில் காட்டும், சொல்லை நாம் கண்டுபிடிக்க வேண்டும். இந்த எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான், தேடும் வேலையை மூளையே பழகிக்கொள்கிறது. 'ரெட்டினா'வின் 6 எழுத்துகளில் தொடங்குங்கள். ஜி சேர்த்தால் கிரானைட், டியரிங். எம் சேர்த்தால் மினரெட். டி சேர்த்தால் டிரெய்ன்ட். ஏழு கட்டையும் ஒரே முறையில் இறங்கும், கூடுதலாக 50 புள்ளி.