காற்றாலை யூனிட்டை எங்கே சேமிப்பது: பேங்கிங்கா, பேட்டரியா?

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டு. காற்றில்லாத காற்றாலையையும் அதில் சேர்த்துவிடலாம். தோல் பதனிடும் டேனரி ராணிப்பேட்டையில் இருக்கும், அதற்கான காற்றாலை கன்னியாகுமரிப் பக்கம் முப்பந்தலில் சுற்றும். அங்கே விளைகிற யூனிட், மின்வாரியத்தின் கம்பி வழியாக வந்ததாகக் கணக்கு வைத்து ஈ.பி. பில்லில் கழியும். மே முதல் செப்டம்பர் வரை காற்று கொட்டும், அப்புறம் படுத்துவிடும். தோல் ஊறும் டிரம்முக்கும், கழிவுநீர்த் தொட்டியில் காற்றடிக்கும் புளோயருக்கும் அந்தப் பருவம் தெரியாது. ஜூனில் மிஞ்சுவதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

பழைய வழி பேங்கிங். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 உத்தரவு, அந்த ஆண்டு மார்ச் 31-க்குள் ஓடத் தொடங்கிய காற்றாலைக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை வாரியத்திடம் யூனிட்டைப் போட்டு வைக்கலாம் என்றது. அதில் கட்டணம் 14 சதவீதம், அதுவும் யூனிட்டாகவே பிடிப்பது. நூறு போட்டால் எண்பத்தாறு. ‘அநியாயம்’ என்று புலம்பாத முதலாளி இல்லை. ஆனால் லித்தியம் பேட்டரியிலும் நூறு ஏற்றினால் ஏறக்குறைய எண்பத்தைந்துதான் திரும்பும். பேங்கிங்குக்குத் தனி முதல் போட வேண்டாம், இடம் வேண்டாம், பத்து வருடத்தில் தேய்ந்தும் போகாது.

பேட்டரியின் விலை இறங்கியது உண்மை. இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை, 2022-ல் மத்திய அரசின் சூரிய மின் நிறுவனமான செகி நடத்திய ஏலத்தில் 10.84 லட்சம் ரூபாய். 2024-ல் குஜராத் ஏலத்தில் 4.49 லட்சம். அந்த 2024 விலையில், தினம் இரண்டு முறை ஏற்றி இறக்கினால் யூனிட்டுக்கு 3.74 ரூபாய், ஒரு முறை என்றால் 7.48. ஜூன் காற்றை டிசம்பருக்குப் பத்திரப்படுத்த, அதாவது வருடத்துக்கு ஒரே ஒரு முறை இறக்க வைத்திருந்தால்? 2,694 ரூபாய்! அந்த விலை பாதியானாலும் 1,300-க்கு மேல்.

ஆக, பேட்டரி மணிக்கணக்கை நகர்த்தும், மாதக்கணக்கை நகர்த்தாது. காற்றாலையின் குறையோ மாதக்கணக்கில் இருக்கிறது.

சரி, மணிக்கணக்கிலாவது கட்டுமா? உயரழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைக்கு, மின்தேவை கூடும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. கணக்கு எளிதாக இருக்க யூனிட் 7 ரூபாய் என்று வைப்போம். இரவில் 6.65, உச்ச நேரத்தில் 8.75. இழப்பையும் சேர்த்தால் இரவு யூனிட் பேட்டரியிலிருந்து வெளியே வரும்போது 7.82. கையில் நிற்பது 93 பைசா. அதற்கு 3.74 செலவு செய்ய எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புவார்?

மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையம் நல்ல ஏற்பாடுதான். கடம்பாறையில் 400 மெகாவாட் 1980-களின் கடைசியிலிருந்தே ஓடுகிறது, குந்தாவில் 500 மெகாவாட்டுக்குப் பணி நடந்தது. ஆனால் அது வாரியம் செய்கிற வேலை. ஏலகிரி மலை பக்கத்தில் இருக்கிறதே என்று தனி டேனரி கனவு காண வேண்டாம்.

புதுக் காற்றாலைக்காரர் நிலைமைதான் சங்கடம். 2018 உத்தரவில் அவருக்கு ஒரு மாத பேங்கிங்தான், மிச்சம் வாரியம் காற்றாலைக்குத் தரும் கொள்முதல் விலையில் 75 சதவீதத்துக்குப் போகும் என்றிருந்தது. அவரிடமும் நான் பேட்டரி வாங்கச் சொல்ல மாட்டேன். காற்றுப் பருவத்தின் சராசரிக்கு அல்ல, மெலிந்த மாதத் தேவைக்கு ஏற்பக் காற்றாலைப் பங்கைக் குறைத்து, மீதிக்குக் கூரையில் சோலார் போடச் சொல்வேன். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

பேட்டரிக்கு இங்கே வேறொரு வேலை உண்டு. கரண்ட் போனதும் ஓடுகிற டீசல் ஜெனரேட்டர், ஒரு லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் தரும், எண்ணெய்ச் செலவே யூனிட்டுக்கு 26 ரூபாயைத் தாண்டும். அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் பேட்டரி அதோடு மோதி ஜெயிக்கலாம், மாதத்தின் உச்சத் தேவையைப் பார்த்து வாரியம் போடும் டிமாண்ட் சார்ஜையும் கொஞ்சம் இறக்கலாம். விற்க வருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மே மாத வேலூர் வெயிலில் பெட்டியைக் குளிர வைக்கும் ஏசி எத்தனை யூனிட் தின்னும், அது அவர் காட்டும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா?